தக்காளியின் வேரை மாற்றும் முன்: ஒட்டுக்கு வேர்ச்செடி தேர்வது எப்படி

ஒரு செடியின் மேல்பகுதியை வேறொரு செடியின் வேர்ப்பகுதியில் பொருத்தி ஒன்றாக வளர்ப்பதுதான் ஒட்டு. கீழே வேராக நிற்பது வேர்ச்செடி, மேலே காய்ப்பது மேல்செடி. வேர்ச்செடி விதைப் பாக்கெட்டில் கண்ணைப் பறிக்கிற மாதிரி அச்சிட்டிருப்பது பெரும்பாலும் "அபார வீரியம்" என்பதுதான். வாங்குகிறவர்களும் அதைப் பார்த்தே வாங்குகிறார்கள். வீரியம் கெட்ட விஷயமில்லை, ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, அந்த மண்ணில் செடியைக் கொல்வது எது என்பது. அதற்கு விடை தெரியாமல் வாங்கிய வேர்ச்செடி, நல்ல கம்பெனி விதையாக இருந்தாலும், பூட்டைப் பார்க்காமல் சாவி வாங்கிய கதைதான்.

ஒட்டு எதைச் செய்யாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இலைக்கருகல், வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ், காய்த்துளைப்பான் ஆகியவை மேலே நடக்கும் சங்கதிகள். வேரை மாற்றினால் இவை குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இவற்றுக்கான எதிர்ப்பு மேலே ஒட்டும் ரகத்திலேயே இருக்க வேண்டும். வேர்ச்செடி வேலை செய்வது மண்ணிலிருந்து வரும் நோய், நூற்புழு (வேரில் முடிச்சு உண்டாக்கும் நுண்புழு), நீர்த்தேக்கம், உப்பு, நீண்ட பருவத்தில் வேரின் சோர்வு ஆகிய இடங்களில் மட்டும்.

கொல்வது எது?

செடி பச்சையாக இருக்கும்போதே பகலில் தொங்கி, மாலையில் கொஞ்சம் தேறி, இரண்டு மூன்று நாளில் மொத்தமாகச் சாய்ந்தால் முதலில் பாக்டீரியா வாடலைச் சந்தேகியுங்கள். உறுதிசெய்ய ஆய்வகம் தேவையில்லை. அன்றைக்கு வாடத் தொடங்கிய செடியைத் தேர்ந்தெடுங்கள். காய்ந்துபோன செடியில் இந்தச் சோதனை சரியாக வராது. தரைக்குச் சற்று மேலே 5 செ.மீ. தண்டுத் துண்டை அறுத்து, தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் வெட்டுமுனை மட்டும் முங்கும்படி நிறுத்திவையுங்கள். டம்ளரை அசைக்கக் கூடாது. பின்னால் ஒரு கறுப்புத் துணி இருந்தால் நன்றாகத் தெரியும். பாக்டீரியா இருந்தால் சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து வெண்மையான நூல் ஒன்று மெல்ல இறங்கி நீரைக் கலங்கலாக்கும்.

நூல் இறங்கவில்லை, ஆனால் தண்டைக் கீறினால் தோலுக்குக் கீழே பழுப்புக் கோடு ஓடுகிறது, கீழிலைகள் ஒரே பக்கமாக மஞ்சளாகின்றன என்றால் ஃபுசேரியம் என்ற பூசணத்தால் வரும் வாடல். மண் குளிர்ச்சியான இடங்களில், இலை ஓரத்தில் அகலமாகத் தொடங்கி நடுநரம்பை நோக்கிக் குறுகும் மஞ்சள் முக்கோணங்கள் தெரிந்தால் வெர்ட்டிசிலியம் என்ற இன்னொரு பூசண வாடல். தரையோடு ஒட்டிய தண்டில் வெள்ளைப் பூசண இழையும் கடுகளவு உருண்டைகளும் இருந்தால் ஸ்கிளிரோஷியம் அழுகல். நூற்புழுவுக்கு வேரைப் பார்க்க வேண்டும். பிடுங்கிப் பார்த்தால் முடிச்சுள்ள சல்லிவேர்கள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் பெயர்த்தெடுத்து, வாளி நீரில் அலசிப் பாருங்கள்.

பல தோட்டங்களில் நூற்புழுவும் பாக்டீரியாவும் சேர்ந்தே இருக்கும். புழு துளைத்த வேர்வழியே பாக்டீரியா எளிதாக நுழைகிறது. அங்கே ஒன்றுக்கு மட்டும் எதிர்ப்புள்ள வேர்ச்செடி பாதிப் பருவம்தான் தாங்கும்.

எந்தக் குடும்பத்திலிருந்து எடுப்பது

தக்காளிக்குத் தக்காளியே வேர்ச்செடியாக இருப்பதுதான் எளிய வழி. ஒட்டு நன்றாகக் கூடும், இரண்டின் வளர்ச்சி வேகமும் ஒத்துப்போகும். பாக்டீரியா வாடலுக்கு இந்த வகையில் நெடுநாளாக நிற்கும் பெயர் ஹவாய் 7996. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த வரிசையின் காய் சிறியது, தின்பதற்காக யாரும் பயிரிடுவதில்லை, அதன் வேருக்காகவே மதிப்பு. கலப்பினம் இல்லாததால் விதையை நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம், அடுத்த தலைமுறையும் அதே குணத்தோடு வரும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இதன் எதிர்ப்பு என்பது பாக்டீரியா உள்ளே நுழையாமல் தடுப்பதல்ல. நுழைந்த பாக்டீரியா பெருகி மேலேறுவதைத் தாமதப்படுத்துவதுதான். வெளியே நோய் தெரியாத வேருக்குள் பாக்டீரியா இருக்கலாம், கடும் வெயிலில் மேல்செடிக்கு ஏறி வாட்டவும் செய்யலாம். நாற்று வளர்க்கும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாக்டீரியா வாடலை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா ஒரே கிருமி இல்லை. 2014-இல் வகைப்பாட்டியலாளர்கள் அதை மூன்று தனி இனங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பல திரிபுகள் இருக்கின்றன. ஓர் ஊரில் ஒரு செடிகூடச் சாகாத வேர்ச்செடி, வேறோர் இடத்தில் பாதியை இழப்பது இதனால்தான். பக்கத்துத் தோட்டத்து அனுபவம் கம்பெனிக் கையேட்டைவிட நம்பகமானது என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது, பயிர்த்தக்காளியையும் ஹேப்ரோகைட்டிஸ் என்ற காட்டுத்தக்காளியையும் சேர்த்த கலப்பினங்கள். மேக்ஸிஃபோர்ட், பியூஃபோர்ட் இரண்டும் இந்த வகையில் உலகெங்கும் அறிந்த பெயர்கள். ஃபுசேரியம், வெர்ட்டிசிலியம், நூற்புழு, வேர்த்தோல் தடிக்கும் நோய் என்று எதிர்ப்புப் பட்டியல் நீளும். ஸ்கிளிரோஷியத்தையும் நன்றாகத் தாங்குகின்றன. வேர் பரந்து ஆழமாக ஓடும். ஆனால் பாக்டீரியா வாடலுக்கு மேக்ஸிஃபோர்ட் உதவாது. வெப்பமண்டல நிலத்தில் பணத்தைப் போட்டு ஏமாறுவது பெரும்பாலும் இந்த ஒரு வரியைக் கவனிக்காததால்தான். குளிர்நாட்டுப் பசுமைக்குடிலுக்கென்று உருவாக்கிய வேர்ச்செடி அது. அங்கே அதன் எதிரிகள் வேறு.

மூன்றாவது கத்தரி. தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டலாம், நன்றாகவே கூடும். தைவானில் தலைமையகம் உள்ள உலகக் காய்கறி மையம் இதற்காகப் பரிந்துரைத்த ஈஜி195, ஈஜி203 வரிசைகள் பாக்டீரியா வாடலையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் தாங்குகின்றன. அதைவிட முக்கியம், நீர் தேங்கினால் தாங்குவது. வெயில் காலத்தில் தக்காளி வேர் ஓரிரு நாள் நீரில் நின்றாலே மூச்சுத்திணறிச் சாகும். கத்தரி வேர் பல நாள் தாக்குப்பிடிக்கும். மழைக்காலத்தில், வடிகால் மோசமான களிமண்ணில் தக்காளி போட வேண்டியிருந்தால் என் முதல் தேர்வு கத்தரி வேர்தான்.

அதற்கு விலையும் உண்டு. கத்தரி வேர் தக்காளியின் தேவைக்கு ஈடாக நீரை மேலே அனுப்பாது. காய் சற்றுச் சிறுத்து, இனிப்புக் கூடி வரும். காய்ந்த காற்றில், பாசனம் தவறினால், காயின் அடிப்பகுதி கறுத்துத் தோல்போல் காயும் பூமுனை அழுகல் அதிகமாகும். நீரோட்டத்தோடு போக வேண்டிய சுண்ணாம்புச் சத்து காய்க்கு எட்டாததே காரணம். ஆகவே வறண்ட பருவத்துக்கு, மணற்பாங்கான நிலத்துக்கு இந்த வேர் பொருந்தாது. அங்கே தக்காளி வேரே மேல்.

சுண்டை, கத்தரிக்கு மட்டும்

கத்தரியைச் சுண்டை வேரில் ஒட்டுவது பழகிய முறை. வெர்ட்டிசிலியம், ஃபுசேரியம், பாக்டீரியா வாடலின் பல திரிபுகள், நூற்புழு எனச் சுண்டை தாங்கும் பட்டியல் பெரிது. வேர் பல்லாண்டு வாழும் என்பதால் கத்தரியை வெட்டிவிட்டுத் தழையவைத்து மறுபடி காய்க்க வைக்கலாம். மண்ணில் காட்மியம் என்ற நச்சு உலோகம் உள்ள இடங்களில் சுண்டை வேர் அதைக் காய்க்கு ஏறவிடாமல் பெருமளவு நிறுத்துகிறது என்பதை ஜப்பானிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மற்ற வேர்ச்செடிகளில் இந்தக் குணம் இப்படித் தெளிவாக இல்லை.

தொல்லை முழுவதும் விதையில்தான். சுண்டை விதைக்கு உறக்கம் அதிகம், முளைப்பு சீராக வராது. நன்கு பழுத்த காயின் விதையை லிட்டருக்கு 100 முதல் 200 மில்லிகிராம் ஜிப்ரெல்லிக் அமிலம் (முளைப்பைத் தூண்டும் பயிர் ஊக்கி) கலந்த நீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, பகலில் 30 டிகிரி, இரவில் 20 டிகிரி என்று வெப்பம் மாறும்படி வைத்தால் முளைப்பு கூடும். ஒரே சீரான வெப்பத்தில் வைத்துவிட்டு விதை மோசம் என்று முடிவுகட்டுகிறார்கள். முளைத்த பிறகும் நாற்று மெதுவாகத்தான் தடிக்கும். கத்தரியைவிட 3 முதல் 4 வாரம் முன்னதாகவே சுண்டையை விதைக்க வேண்டும். மண் குளிர்ந்திருந்தால் நட்ட பிறகும் செடி நிலைகொள்ள நாளாகும். முள்ளில்லாத தேர்வு கிடைத்தால் ஒட்டுக் கட்டும் விரல்கள் நன்றி சொல்லும்.

தக்காளியைச் சுண்டையில் ஒட்டுவது வேறு கதை. கூடினாற்போலத் தெரியும், ஆனால் பொருத்தம் சரியில்லை. தோட்டத்து ஓரத்தில் சுண்டை தானாக முளைத்துக் கிடக்கிறது என்பதற்காக இதில் இறங்க வேண்டாம்.

கத்தரியைத் தக்காளிக் கலப்பின வேரிலும் ஒட்டலாம், நன்றாகக் கூடும். நீர் தேங்காத, பாக்டீரியா வாடல் இல்லாத இடமாக இருந்தால் போதும்.

மிளகாயும் குடைமிளகாயும் இந்தக் கூட்டத்தில் சேராதவை. தக்காளி வேரில் மிளகாய் சில வாரம் பச்சையாக நிற்கும், பிறகு இணைப்பில் தடித்து, மெலிந்து, காய் பிடிக்கும் நேரத்தில் போய்விடும். மிளகாய்க்கு மிளகாய் வேர்தான். ஃபைட்டோஃப்தோரா வேரழுகல் உள்ள இடத்தில் மெக்சிகோவின் கிரியோயோ தே மொரெலோஸ் 334 என்ற வரிசையின் எதிர்ப்பு பெயர்பெற்றது.

ஊமத்தையிலும் புகையிலையிலும் தக்காளி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது: ஒருபோதும் செய்யாதீர்கள். ஊமத்தையின் நச்சு ஆல்கலாய்டுகள் வேரில் உருவாகி நீரோட்டத்தோடு மேலேறுகின்றன, தக்காளிப் பழத்திலும் சேர்கின்றன. அப்படி ஒட்டிய செடியின் பழத்தைத் தின்றவர்கள் நஞ்சேறி மருத்துவமனைக்குப் போனது பதிவாகியிருக்கிறது. நிக்கோட்டினும் புகையிலை வேரில்தான் பிறக்கிறது. 1940-களில் தாவர ஆய்வாளர் ரே டாசன் தக்காளியையும் புகையிலையையும் மாற்றி மாற்றி ஒட்டியே இதைக் கண்டறிந்தார்.

பாக்கெட்டின் பின்பக்கம்

எதிர்ப்புக் குறியீடுகளில் எச்.ஆர். என்றால் உயர் எதிர்ப்பு, ஐ.ஆர். என்றால் இடைநிலை எதிர்ப்பு. இடைநிலை என்பது நோய் வராது என்ற வாக்குறுதியல்ல, வந்தாலும் குறைவாக வரும் என்பதுதான். பாக்டீரியா வாடலுக்கு நேராகப் பெரும்பாலும் ஐ.ஆர். என்றே இருக்கும்.

ஃபுசேரியம் எண்களில் ஒரு குழப்பம் இருக்கிறது, இதில் தடுமாறாதவர் குறைவு. அமெரிக்க முறையில் இனங்கள் 1, 2, 3. சர்வதேச விதைக் கூட்டமைப்பின் குறியீட்டில் அதே மூன்றும் 0, 1, 2. ஒரு பாக்கெட்டில் 1, 2 என்றும் இன்னொன்றில் 0, 1 என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். தோட்டத்தில் அமெரிக்கக் கணக்கின் 3-ஆம் இனம் இருந்தால், சர்வதேசக் குறியீட்டில் 2 இருக்கிறதா என்று தேட வேண்டும். வெர்ட்டிசிலியத்துக்கும் எதிர்ப்பு என்று போட்டிருப்பது பெரும்பாலும் முதல் இனத்துக்கு மட்டுமே.

நூற்புழு எதிர்ப்புக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் மி என்ற ஒரே மரபணு. 1940-களில் பெருவியானம் என்ற காட்டுத்தக்காளியிலிருந்து கருவை மீட்டு வளர்த்துப் பயிர்த்தக்காளிக்குள் கொண்டுவந்தது. இன்றைய நூற்புழு எதிர்ப்பு ரகங்களில் பெரும்பாலானவை இதையே நம்பியிருக்கின்றன. இதன் பலவீனம் வெப்பம். மண்ணின் வெப்பம் 28 டிகிரிக்கு மேல் தொடர்ந்தால் எதிர்ப்பு தளர்ந்து, புழு சாதாரணமாகப் பெருகத் தொடங்கும். கணக்கில் எடுக்க வேண்டியது காற்றின் வெப்பம் அல்ல, 10 முதல் 15 செ.மீ. ஆழத்து மண்ணின் வெப்பம். ஒரு மண் வெப்பமானியைச் செருகி, பிற்பகலில் பாருங்கள். வைக்கோல் மூடாக்கு மண்ணை ஓரளவு குளிர்விக்கும், கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் நேர்மாறு. இன்னொன்று, மி மரபணு எல்லா வேர்முடிச்சுப் புழுவையும் தடுப்பதில்லை. குளிர்ப்பகுதியின் ஹேப்லாவுக்கும் வெப்பப்பகுதியின் என்டரோலோபியைக்கும் முன்னால் அது நிற்காது.

மேல்செடியோடு சேருமா

தக்காளி மொசைக் வைரஸுக்கான எதிர்ப்பு மரபணு வேர்ச்செடியில் இருந்து மேல்செடியில் இல்லாமல் இருந்தால், பொருத்தம் கேட்டுப் பார்க்க வேண்டும். வைரஸ் மேலிருந்து கீழே வரும்போது எதிர்ப்புள்ள வேர்த்தண்டு அதை அனுமதிக்காமல் தன் செல்களைத் தானே கொன்றுகொள்கிறது. இணைப்புக்குக் கீழே திசு கருகி, முழுச் செடியும் வாடும். பழைய நாட்டு ரகத்தை நவீன வேரில் ஒட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டிலும் ஒரே எதிர்ப்பு இருப்பதே பாதுகாப்பு. 2014, 2015 வாக்கில் இஸ்ரேலிலும் ஜோர்டானிலும் தெரியவந்த பழுப்புச் சுருக்கப்பழ வைரஸ் அந்த எதிர்ப்பையும் உடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒட்டுக்கத்தியின் சுத்தம் இன்னும் முக்கியம். சாராய ஸ்பிரிட் பாக்டீரியாவைக் கொல்லும், இந்த வகை வைரஸை நம்பும்படி அழிக்காது. கொழுப்பு நீக்கிய பால்பவுடரை 20 சதவீதம் கரைத்த நீரில் பிளேடை நனைத்துப் பயன்படுத்துவது பழைய, ஆனால் பலனளிக்கும் முறை.

வீரியத்துக்கு வருவோம். மேக்ஸிஃபோர்ட் மாதிரி வேரில், ஏற்கெனவே தழைத்து ஓடும் மேல்செடியை ஒட்டினால் இலைதான் மிஞ்சும். கொழுந்து நுனிக்கு 15 செ.மீ. கீழே தண்டை அளந்து பாருங்கள். 10 முதல் 12 மி.மீ. தடிமன் நன்று. அதைத் தாண்டி, இலை உள்நோக்கிச் சுருண்டு, பூங்கொத்து உதிர்ந்தால் வேர் அளவுக்கு மீறித் தள்ளுகிறது. நைட்ரஜனைக் குறைக்கலாம், அல்லது ஒரு வேரில் இரண்டு தண்டு விட்டு வீரியத்தைப் பங்கிடலாம். இரண்டு தண்டு விட்டால் ஒரே நிலத்துக்குப் பாதி நாற்றே போதும், ஒட்டின் செலவும் பாதியாகும். இதுவே வீரிய வேரின் உண்மையான லாபம் என்பேன். குட்டையாக நின்று ஒரே மூச்சில் காய்த்து முடியும் ரகத்துக்கு இத்தனை வீரியம் வீண். மண்ணில் நோய் இல்லாவிட்டால் அந்த ரகங்களுக்கு ஒட்டே தேவையில்லை.

தண்டும் உயரமும்

ஒட்டும் நாளில் இரண்டு தண்டும் 1.5 முதல் 2 மி.மீ. தடிமனில் ஒத்திருக்க வேண்டும். காட்டுத்தக்காளிக் கலப்பின விதைகள் சில நாள் தாமதமாகவும் சீரில்லாமலும் முளைக்கும், கத்தரி வேரும் தக்காளியைவிட மெதுவு. எத்தனை நாள் முந்தி விதைப்பது என்பதை எந்தக் கையேடும் உங்கள் வெப்பத்துக்குச் சரியாகச் சொல்லாது. இரண்டிலும் 20 விதை ஒரே நாளில் குழித்தட்டில் போட்டு, தண்டு 2 மி.மீ. எட்டும் தேதிகளைக் குறியுங்கள். வித்தியாசம்தான் உங்கள் இடைவெளி.

வெட்டு எங்கே என்பதும் வேர்ச்செடியைப் பொறுத்தது. வித்திலைக்கு, அதாவது விதையிலிருந்து முதலில் விரியும் இரட்டை இலைக்கு, கீழே வெட்டினால் வேர்ச்செடி மீண்டும் துளிர்க்க வழியில்லை. மேலே வெட்டினால் வித்திலை கொடுக்கும் உணவில் ஒட்டு எளிதாகத் தேறும், ஆனால் கக்கத்தில் வரும் துளிரைப் பருவம் முழுக்கக் கிள்ள வேண்டும். கத்தரிக்கு வித்திலையின் கீழ்த்தண்டு குட்டை என்பதால் பெரும்பாலும் மேலேதான் வெட்ட வேண்டியிருக்கும். தக்காளியில் கீழ்த்தண்டு நீண்டு வளரும் வேர்ச்செடி கிடைத்தால் அதுவே நல்லது, காரணம் நடும்போது தெரியும். இணைப்பு மண்ணுக்கு மேலே இருந்தே ஆக வேண்டும். மண் தொட்டால் மேல்செடி தானே வேர்விட்டு, நோய் அந்த வேர்வழியே நேராக ஏறும், ஒட்டு போட்டதன் பயன் முழுவதும் அன்றோடு போய்விடும். தக்காளியை ஆழமாக நடுவதும் பின்னால் மண் அணைப்பதும் பழக்கமாகிவிட்ட கைகளுக்கு இது கஷ்டம். கூலியாட்கள் நடுகிறார்கள் என்றால் இணைப்பில் வண்ண கிளிப் போட்டு "இது வெளியே தெரியணும்" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

ஒட்டிய பிறகு 25 முதல் 28 டிகிரி, 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம், முதல் இரண்டு நாள் இருட்டு, பிறகு மங்கிய வெளிச்சம். நான்காம், ஐந்தாம் நாளிலிருந்து மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். 7 முதல் 10 நாளில் தக்காளி தயார். கத்தரி இன்னும் சில நாள் எடுக்கும்.

பெரிதாக இறங்கும் முன்

புதிய வேர்ச்செடியை முழு நிலத்துக்கும் போடாதீர்கள். ஒரே மேல்ரகத்தை மூன்று விதமாக நடுங்கள்: ஒட்டில்லாதது, தன் வேரிலேயே ஒட்டியது, புதிய வேரில் ஒட்டியது. நடுவில் உள்ளது எதற்கு என்று கேட்பார்கள். ஒட்டுக் கட்டிய அதிர்ச்சியால் வரும் தாமதத்தையும் வேரின் குணத்தையும் அதை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். மூன்றையும் ஒரே வரிசையில் மாற்றி மாற்றி நடுங்கள், ஏனென்றால் பாக்டீரியாவும் நூற்புழுவும் நிலத்தில் திட்டுத்திட்டாகவே இருக்கும்.

பருவம் முடிந்ததும் வேரைப் பெயர்த்து அலசி முடிச்சுகளைப் பாருங்கள். இணைப்பை நெடுக்காகப் பிளந்தும் பாருங்கள். நீர்க்குழாய்கள் மேலிருந்து கீழாகத் தடையில்லாமல் ஓடினால் பொருத்தம் சரி. குறுக்கே பழுப்புக் கோடு ஓடி, கையால் வளைத்தால் அங்கேயே மடக்கென்று முறிந்தால், அந்தச் செடி நன்றாகக் காய்த்திருந்தாலும் அந்த ஜோடி வேண்டாம். காய்ச்சுமையும் வெயிலும் சேர்ந்து வரும் வருடத்தில் அது கவிழும். ஹவாய் 7996 போன்ற வரிசையாக இருந்தால் விதைக்கென்று சில செடிகளை ஒட்டாமல், நோயில்லாத மண்ணில் தனியே விட்டுவையுங்கள். கத்தரி வேர்ச்செடி என்றால் பூவுக்கு உறை போடுங்கள், தக்காளியைவிட அதில் அயல்மகரந்தம் கலப்பது அதிகம்.